புயல் நேரத்துத் தொலைபேசி

தொலைபேசி மணி ஒலித்தால் அடுத்த தெருவுக்கு ஓடிச்சென்று பேசிய தலைமுறை நம் பேராசிரியர் பலருடையது. நாமோ கைப்பேசியும் கையுமாகத் திரிகிறோம். ஆனால் புயற்காற்று வீசத் தொடங்கிய சில மணி நேரத்தில் அக்கருவிக்கும் செங்கல்லுக்கும் வேறுபாடு இல்லாமற் போகிறது. இதைப் பற்றி நாம் போதிய அளவு சிந்திக்கவில்லை என்பதே என் கருத்து.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் இரயில் அலையில் மூழ்கியது. தந்திக் கம்பிகள் அறுந்தமையால் அந்தக் கொடுமை வெளியுலகுக்கு உடனே எட்டவில்லை. அது கம்பிகளின் காலம். இது கம்பியில்லாக் காலம் என்று நாம் மார்தட்டிக் கொள்கிறோம். 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது நடந்தது என்ன? ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அவற்றோடு கைப்பேசியும் ஊமையாயிற்று.

கோபுரம் விழுந்ததால்தான் பேச முடியவில்லை என்று பலர் எண்ணுகின்றனர். எங்கள் ஊர்க் கோபுரம் நிமிர்ந்துதான் நின்றது, வயிறுதான் காலி! மின்சாரம் நின்றால் அதன் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற வேண்டும். சாலை நெடுக மரங்கள் விழுந்து கிடக்க, டீசல் எவ்வழி வரும்? பழைய செம்புக்கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்தின் பேட்டரியிலிருந்தே கம்பி வழியாக வந்தது. வீட்டில் விளக்கு அணைந்தாலும் அது பேசும். வீண் என்று நாம் கழற்றி எறிந்த அந்தக் கறுப்புப் பெட்டிக்கு இப்படியும் ஒரு சிறப்பு இருந்தது.

அப்போது நான் எட்டாம் வகுப்பு மாணவன். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். மூன்று நாள் அவருக்கு எங்கள் சேதி கிடைக்கவில்லை. பக்கத்துக் கடைத்தெருவில் ஒருவர் ஜெனரேட்டர் வைத்து, கைப்பேசிக்கு 20 ரூபாய் வாங்கிக்கொண்டு மின்னேற்றித் தந்தார். ஏற்றி என்ன பயன்? சிக்னல் இல்லை. நான்காம் நாள் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் திருவாரூருக்குப் புறப்பட்டார். வீட்டுக்கு ஒருவர் பெயர், வெளியூரில் உள்ளவரின் எண் என்று என் கணக்கு நோட்டில் எழுதிக் கொடுத்தேன். மொத்தம் 43 வீடுகள். அவர் போய் ஒவ்வோர் எண்ணுக்கும், “வீட்டில் எல்லாரும் நலம், ஓடு போயிற்று, உயிருக்குக் குறையில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். அன்று மாலைதான் அப்பா சோறு உண்டாராம்.

ஒரு கருவி, 43 குடும்பங்கள்! ஆபத்துக் காலத்தில் தொலைபேசி ஊரின் பொதுச்சொத்து என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? ஆனால் நாம் செய்வது என்ன? காற்று ஓய்ந்து கோபுரம் உயிர் பெற்றதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அழைக்கிறோம். தென்னை எத்தனை விழுந்தது, மாடு என்னவாயிற்று என்று கால் மணி நேரம் பேசுகிறோம். ஒரு கோபுரம் ஒரே சமயத்தில் தாங்கும் அழைப்புகளுக்கு ஓர் எல்லை உண்டு. பிரசவ வலியில் துடிப்பவளுக்காக 108-ஐ அழைப்பவரும் அந்த நெரிசலில்தான் நிற்கிறார். குறுஞ்செய்தியோ மிகச் சிறிய இடமே கேட்கும். வழி இல்லாவிடில் காத்திருந்து, வழி கிடைத்ததும் போய்ச் சேரும். “துயர நேரத்தில் தாயின் குரலைக் கேட்பது குற்றமா?” என்று நண்பர் ஒருவர் சினந்தார். குற்றமன்று. முதல் நாள் “நலம்” என்ற ஒரு சொல் போகட்டும். குரலை மூன்றாம் நாள் கேட்கலாம்.

கடலில் நிலைமை இன்னும் கொடிது. கரையை விட்டுச் சில கடல் மைல் தாண்டினால் கைப்பேசி செத்துவிடும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர் பலர் முன்பே கடலுக்குள் போயிருந்தனர். எச்சரிக்கை அவர்களை எட்ட வழி இல்லை. திரும்பாதவர் பலர். 2023-இல் நம் கைப்பேசிகளெல்லாம் ஒரே நேரத்தில் அலறிய அவசர எச்சரிக்கை ஒத்திகை நினைவிருக்கும். வகுப்பில் நாம் சிரித்தோம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் கோபுரத்தின் எல்லைக்குள் இருப்பவருக்கு மட்டுமே அது பயன்படும்.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கித் தொடர்புகள் அறுந்தபோது, பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் அமெச்சூர் வானொலிக் குழு தற்செயலாகப் போர்ட் பிளேரில் இருந்தது. தீவினரின் சேதிகளை உற்றாருக்குச் சேர்த்தது அக்குழு. இதற்குக் கோபுரம் வேண்டா; ஒரு பெட்டி, ஒரு பேட்டரி, ஓர் ஆன்டெனா போதும். 12 வயது நிறைந்தவர் எவரும் மத்திய அரசின் தேர்வெழுதி உரிமம் பெறலாம்.

நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆண்டுதோறும் கோயில் வளாகத்தைக் கூட்டுகிறோம். (சென்ற ஆண்டு நட்ட கன்றுகளை ஆடு மேய்ந்தது வேறு கதை.) இந்த ஆண்டு முகாம் ஊரில் வீடு வீடாகச் சென்று, வெளியூர் உறவினரின் எண்களைத் தாளில் எழுதிப் பஞ்சாயத்து அலுவலகத்தில் வைத்தால் என்ன? கைப்பேசி அணைந்தால் அதிலுள்ள எண்களும் அணைந்துவிடுகின்றன. நம்மில் எத்தனை பேருக்கு அம்மாவின் எண் மனப்பாடம்? புயல் பாதுகாப்பு மையங்களில் அரிசியும் பாயும் இருப்பதுபோல், பத்துக் கைப்பேசிகளுக்கு மின்னேற்றும் சூரியத் தகடு ஒன்றும் இருக்க வேண்டும்.

அமெச்சூர் வானொலி மன்றம் ஒன்று நம் கல்லூரியில் தொடங்கலாம் என்பது என் அவா. இயற்பியல் துறையின் மொட்டைமாடியில் ஆன்டெனா நட இடம் இருக்கிறது. போய்ப் பார்த்து வந்தேன். பேராசிரியர் ஒருவர் பாடம் சொல்லித்தர இசைந்துள்ளார். தேர்வெழுத இதுவரை ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். அவர்களில் நால்வர் கடற்கரை ஊர்க்காரர்.