வெள்ளைப்படுதல்: அச்சமும் அசட்டையும்

சிவகாசி வட்டாரத்துப் பட்டாசுத் தொழிலாளப் பெண்களுள் பலர் வெள்ளைப்படுதலை 'உடம்புச் சூடு' என்று ஒதுக்கிவிடுவர். 'எலும்பு உருகிப் போகிறது' என்று அஞ்சுவோரும் உளர். அசட்டையும் தவறு, அச்சமும் தவறு.

எலும்பு உருகுவதில்லை. பெண்ணுறுப்பில் இயல்பாகவே வாழும் லாக்டோபாசில்லஸ் நுண்ணுயிரிகள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி, நோய்க் கிருமிகளைத் தடுத்து நிற்கின்றன. நிறமற்றோ பால் போன்றோ, துர்நாற்றமும் அரிப்பும் இன்றி வரும் கசிவு இயல்பானதே. இரு மாதவிலக்குகளுக்கு இடைப்பட்ட நாட்களிலும், கருவுற்ற காலத்திலும் அது சற்று மிகுவதுண்டு. இதற்கு மருந்து வேண்டியதில்லை. உள்ளே சோப்பிட்டுக் கழுவினால் அந்த இயற்கைக் காவலே குலைந்துவிடும்.

ஆனால், தயிர்த்திரள் போல அரிப்புடன் வந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மீன் நாற்றமோ, மஞ்சள், பச்சை நிறமோ வேறு தொற்றைக் காட்டும். இவை மருந்தால் தீர்பவை. மாதவிலக்கு நின்றபின் இரத்தம் கலந்து வந்தாலோ, கருப்பைவாய்ப் புற்றுநோய் உண்டா என்று சோதித்தே ஆகவேண்டும்.

செய்த எண்ணிக்கைக்குக் கூலி பெறுபவளுக்கு, மருத்துவமனை செல்லும் நாள் கூலியில்லாத நாள். எனவேதான் 'சூடு' என்னும் சொல்லுக்குள் நோயும் ஒளிந்துகொள்கிறது. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இயங்குகிறது. அறிவியல் பயிலும் நாம் கூச்சம் நீக்கி வீட்டில் இதனைப் பேசினாலன்றோ, நம் தாய்மார் அதன் படியேறுவர்!