மாறன்பாடியில் ஓர் இரவு

விடுமுறை நாள்களில் பொழுது புலர்வதற்கு முன்பே தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. சாலை விழித்துக்கொள்கிறது. சேலையூர், செம்பாக்கம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் எனப் பல பகுதிகளிலிருந்தும் கார்களும் வேன்களும் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. வண்டிக்குள் பூமாலை, தேங்காய், பழத்தட்டு, மடித்துவைத்த மஞ்சள் துணி. பாட்டியின் மடியில் போர்வைக்குள் உறங்கும் ஒரு சிசு. சமயபுரத்திலோ, பழநியிலோ, இன்னும் தெற்கே ஒரு கண்மாய்க் கரையிலோ முதல் முடி இறக்கிக் காது குத்த வேண்டும். புறநகரில் குடியேறி இரண்டு தலைமுறை கடந்தாலும் குலதெய்வம் ஊரிலேயேதான் இருக்கிறது.

பயணத்தின் நேரத்தை வகுப்பவர்கள் பெரும்பாலும் வீட்டின் மூத்தவர்களே. ஞாயிற்றுக்கிழமை என்றால் பகல் பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் தொடங்கிவிடும். அதற்குள் முடி இறக்கியாக வேண்டும். தாம்பரத்திலிருந்து சமயபுரத்துக்கு ஏறக்குறைய 290 கிலோமீட்டர். அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினால் ஒன்பது, ஒன்பதரைக்குள் சேர்ந்துவிடலாம் என்பது தாத்தாவின் கணக்கு. கணக்கில் பிழையில்லை. அதில் குழந்தைதான் இல்லை. நான்கு மாதச் சிசு இரண்டு மணிக்கு ஒருமுறை பால் கேட்கும். ஒன்றரை வயதுப் பிள்ளை ஒரே இடத்தில் அமர்ந்திருக்க மாட்டாது. வளைவில் வாந்தி எடுக்கும். காரணம் சொல்லத் தெரியாமல் வீறிட்டு அழும். ஓட்டுபவர் இழந்த நேரத்தை ஈடுகட்ட வேகத்தைக் கூட்டுவார். அபாயம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

சின்னஞ்சிறு குழந்தை ஒன்றின் நெடும்பயணத்தைப் பெரியபுராணம் விரிவாகவே பேசுகிறது. சீர்காழியில் மூன்று வயதில் ஞானப்பால் உண்ட திருஞானசம்பந்தரைத் தந்தையார் சிவபாத இருதயர் தோளில் சுமந்தே தலந்தோறும் அழைத்துச் சென்றார். திருக்கோலக்காவில் கைத்தாளமிட்டுப் பாடியபோது பிள்ளையின் உள்ளங்கை சிவக்குமே என்று இரங்கிய இறைவன் பொற்றாளம் ஈந்தருளினான். பின்னர் ஒருநாள், பெண்ணாகடத்துத் திருத்தூங்கானை மாடத்தைத் தொழுதுவிட்டுத் திருவரத்துறை நோக்கிப் புறப்பட்டபோது சம்பந்தர் தந்தையின் தோளில் ஏற மறுத்து, தளிரடி நோவ நடந்தே சென்றார். வழியில் மாறன்பாடி என்னும் ஊரை அடையும்போது பொழுது சாய்ந்தது. தலம் தொலைவில் இல்லை. ஆனாலும் பிள்ளை களைத்திருந்தது. அன்றிரவு அங்கேயே தங்கினார்கள்.

அந்த இரவில்தான் அரத்துறைப் பெருமான் அவ்வூர் அடியார்களின் கனவில் தோன்றி, முத்துச் சிவிகையும் குடையும் சின்னமும் கொண்டு சென்று பிள்ளைக்குக் கொடுக்குமாறு பணித்தான். ‘என்னிடம் வருகிற குழந்தை இரவோடிரவாக நடந்து வந்து சேரட்டும்’ என்று அவன் எண்ணவில்லை. கால் நொந்த பிள்ளைக்கு வாகனத்தை எதிர்கொண்டு அனுப்பினான். ஞானக்குழந்தைக்கே வழியில் ஓர் இரவு தங்கல் தேவைப்பட்டது என்றால், நம் வீட்டுப் பிள்ளையை ஒரே மூச்சில் முந்நூறு கிலோமீட்டர் கொண்டுசெல்ல ஏன் துடிக்க வேண்டும்?

முதல் நாள் பிற்பகல் புறப்பட்டு, விழுப்புரத்திலோ பெரம்பலூரிலோ தங்கினால், மறுநாள் காலை குழந்தை தூங்கி எழுந்து, பால் குடித்து, முகம் மலர்ந்து சந்நிதிக்கு வரும். ஒரு அறை வாடகை செலவுதான். நெடுஞ்சாலை உணவகத்தில் பத்துப் பேர் உண்ணும் செலவைவிட அது பெரிதாக இராது.

மடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாட்டிமார்களுக்கு இது சற்று வருத்தம் தரக்கூடும். “என் மடியைவிடப் பத்திரமான இடம் ஏதம்மா?” என்று மருமகளிடம் கேட்காத பாட்டி அரிது. வீட்டில் அது முற்றிலும் உண்மை. ஓடும் காரில் அது உண்மையாவதில்லை. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி எதன்மீதாவது மோதி நிற்கும் அந்த நொடியில், பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை பல மடங்கு எடையோடு முன்னோக்கிப் பாயும். எந்தக் கையும், எவ்வளவு அன்பிருந்தாலும், அதைப் பிடித்து நிறுத்த முடியாது. முன்னிருக்கையில் குழந்தையை மடியில் வைத்திருப்பது இன்னும் கேடு. காக்க விரியும் ஏர்பேக்கே சிசுவைத் தாக்கிவிடும். 2019-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான தனி இருக்கையோ இல்லாமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. அபராதம் கிடக்கட்டும். பின்னிருக்கையில் அந்தத் தனி இருக்கையைப் பொருத்தி, சிசுவை வண்டியின் பின்புறம் பார்த்தபடி படுக்கவைத்து வார் கட்டிவிட்டால், பாட்டி அருகில் அமர்ந்து அதன் விரலைப் பிடித்துக்கொண்டே வரலாம். தாலாட்டுக்கு மடி கட்டாயமில்லை. பால் கொடுக்க வேண்டுமானால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டே எடுக்க வேண்டும். அரசுப் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் 2015-ஆம் ஆண்டு முதல் அமைக்கப்பட்டுள்ளன. புறவழிச் சாலையில் விரைபவர்கள் அதற்காக ஊருக்குள் திரும்புவதில்லை என்பதுதான் குறை.

நிறுத்துவதற்கு ஏற்ற தலங்களுக்கும் இவ்வழியில் பஞ்சமில்லை. சிங்கபெருமாள் கோயிலில் குன்றைக் குடைந்த கருவறையில் நரசிம்மர். மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர். அதைக் கடந்தால் சம்பந்தர் பாடிய அச்சிறுபாக்கம். முப்புரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமான் விநாயகரை வணங்காமல் தேரேறியதால் அச்சு முறிந்த இடம் அதுவே. பூமியே தேராக, சூரிய சந்திரர் சக்கரங்களாக, பிரமன் சாரதியாக அமைந்த தேரே நின்றுபோனது. அவசரம் யாரையும் விடுவதில்லை! ஆனால் வண்டியை நிறுத்தி வழிபடச் செல்கையில், உறங்கும் குழந்தையை உள்ளே விட்டு, ‘இதோ ஒரு நிமிடத்தில் வந்துவிடலாம்’ என்று கதவைப் பூட்டிச் செல்லவே கூடாது. வெயிலில் நிற்கும் காரில் சில நிமிடங்களிலேயே வெப்பம் உயிருக்கு உலை வைத்துவிடும். ஒருவர் மாற்றி ஒருவர் தரிசிக்கலாம்.

ஆறு மாதம் நிறையாத சிசுவுக்குத் தாய்ப்பாலன்றித் தண்ணீரும் கூடாது என்பது மருத்துவர்களின் அறிவுரை. கோயில் தீர்த்தத்தை அதன் உதட்டில் விடாமல் சிரசில் தெளித்தாலே அருள் சேரும்.

சமயபுரத்தாள் மாசி, பங்குனியில் இருபத்தெட்டு நாள் பச்சைப் பட்டினி விரதம் இருப்பதாக ஐதீகம். அந்நாள்களில் அவளுக்குச் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும் இளநீருமே. பிள்ளைகளான பக்தர்களுக்காகத் தாய் தானே பட்டினி கிடக்கும் தலம் அது. அங்கே வரிசையில் பசித்து அழும் சிசுவோடு ‘நேரம் தவறிவிடும்’ என்று நகர்வது அவளுக்கு உவப்பாக இருக்குமா?

முடிகாணிக்கைக்குக் கட்டணமில்லை என்று அறநிலையத்துறை 2021-இல் அறிவித்தது. புதிய பிளேடு மாட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஒன்றரை வயதுவரை உச்சிக்குழி முழுதும் மூடியிராது என்பதால் அவ்விடத்தில் கை மென்மையாகப் படட்டும். சந்தனம் பூசி, தாய்மாமன் மடியில் காது குத்தி முடித்தபின் குழந்தை அழுது ஓய்ந்து அயர்ந்துவிடும்.

அப்போதே திரும்பினால் ஞாயிறு மாலை. செங்கல்பட்டு முதல் பெருங்களத்தூர் வரை வண்டிகள் ஊர்ந்து நகரும் நேரம். இன்னோர் இரவு தங்கித் திங்களன்று மெல்லக் கிளம்பலாம். மேலும் ஒருநாள் விடுப்புக் கேட்க மகன் தயங்குவான். தாத்தா சொன்னால் கேட்பான்.