கித்தாமரமும் சிவப்பு மையும்



மலாயாத் தோட்டப்புறக் கதை ஒன்று, மாணவர் வாசிப்புக்கெனச் ‘செம்மைப்படுத்தப்பட்டு’ அண்மையில் என் கைக்கு வந்தது. மூலக்கதையை நான் முன்னரே படித்தவள். அதில் கித்தாமரம் இருந்தது. பால் மங்கு இருந்தது. விடியுமுன் பெண்கள் பெரட்டுக்கு ஓடினர். பின்னர் மர நிழலில் அமர்ந்து பசியாறினர். திருத்திய படியில் ‘இரப்பர் மரம்’, ‘கிண்ணம்’, ‘வருகைப் பதிவு’, ‘காலை உணவு உட்கொண்டனர்’! கேட்டால், கொச்சை, பிறமொழிக் கலப்பு என்கின்றனர்.

‘கித்தா’ மலாய்ச் சொல்லிலிருந்து வந்ததுதான், ‘மங்கு’ம் அப்படியே. ‘இரப்பர்’ எந்தச் சங்க நூலில் இருக்கிறது? மலாய் என்றால் தீட்டு, ஆங்கிலம் என்றால் தூய்மையா? ‘பசியாறுதல்’ முழுத் தமிழாயிற்றே, அது செய்த குற்றம் என்ன? (இவர்களே தேக்கா சந்தையில் ‘ஐந்து வெள்ளி’ என்றுதான் விலை பேசுகின்றனர்.)

எனக்கு மிகவும் வலித்தது ‘வருகைப் பதிவு’. அது நம் வகுப்பில் நடப்பது. பெரட்டு என்பது இருட்டில் வரிசையாக நின்று, கிராணி பெயர் வாசிக்கும்வரை கங்காணியின் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பது. பிந்தினால் அன்றைய கூலி போகலாம். சொல்லை மாற்றியதும் அந்த அச்சம் கதையைவிட்டே போய்விட்டது. பிறகு அப்பெண்கள் ஏன் ஓடுகிறார்கள் என்று பிள்ளைகளுக்கு எப்படிப் புரியும்?

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். ஹென்றி லாசன் 1896-இல் வெளியிட்ட கதைத் தொகுப்பின் தலைப்பிலேயே ‘பில்லி’ இருக்கிறது. காட்டுப்புறத் தொழிலாளர் தேநீர் கொதிக்கவைத்த தகரப் பாத்திரம் அது. அதை யாரும் ‘கெட்டில்’ ஆக்கவில்லை. இத்தகைய சொற்களுக்கென்றே 1988-இல் பேரகராதி வெளியிட்டனர். நம் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யும் மலாய்ச் சொற்களோடுதான் போற்றப்படுகிறது.

பிள்ளைகள் தேர்வுக் கட்டுரையில் இவற்றை எழுதிவிடுவார்களே என்று பெற்றோர் அஞ்சுவது எனக்குத் தெரியும். கட்டுரையில் எழுதினால் நானும் திருத்துவேன். கதைமாந்தரின் வாயைத் திருத்த நமக்கு என்ன உரிமை?

நான் வசிக்கும் தஞ்சோங் பகாரில் 1932-இல் திறந்த ரயில் நிலையம் 2011-இல் மூடப்பட்டது. கட்டடத்தைத் தேசிய நினைவுச் சின்னமாக்கிக் காக்கின்றனர். தோட்டங்களிலிருந்து அங்கு வந்திறங்கியோரின் சொற்களை நாமோ சிவப்பு மையால் அடிக்கிறோம்.

அடுத்த வாரம் தொடக்கநிலை நான்கில் மூலக்கதையையே வாசிக்கப் போகிறேன். ‘மங்கு’ என்றால் என்ன என்று கேட்பார்கள். வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டு வரச் சொல்வேன்.