பாதி மலையில் பைக் கொதித்தால்... முதலில் அந்த மூடியைத் தொடாதீர்கள்!

மலையடிவாரம் வரை தார்ச்சாலையில் ஜம்மென்று வந்த பைக்தான். கல்லும் மண்ணுமான ஏற்றத்தில் திரும்பி, முதல் கியரில் ஊர்ந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மீட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறது. டேங்குக்குக் கீழிருந்து குப்பென்று ஆவி கிளம்புகிறது. கூடவே லேசான இனிப்பு வாடை. வண்டியை ஓரங்கட்டும் பலருக்கும் முதலில் தோன்றுவது, ரேடியேட்டர் மூடியைத் திறந்து கையிலிருக்கும் தண்ணீரை ஊற்றிவிடலாம் என்பதுதான்.

செய்யவே கூடாதது அதுதான். என்ஜினுக்கு வரும் சேதம் பணத்தோடு போய்விடும். முகத்தில் தெறிக்கும் கொதிநீர் அப்படிப் போகாது.

குக்கரும் ரேடியேட்டரும் ஒன்றுதான்

வீட்டில் குக்கர் விசில் அடங்கும் முன் மூடியை யாரும் திறக்க மாட்டார்கள். ரேடியேட்டரும் அதே கணக்குதான். பல பைக்குகளின் ரேடியேட்டர் மூடி சுமார் 1.1 பார் அழுத்தம் வரை தாங்கிப் பிடிக்கும். குக்கர் வெயிட் தாங்குவதும் ஏறக்குறைய இதே அளவுதான். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். அதனால்தான் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர், கூலன்ட்டோடு கலந்து மூடிக்குள் இருக்கும்போது, 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும். உள்ளே இருப்பது ஆவியும் கொதிநீருமாகப் பீறிட்டு வெளியே வரும்.

உயரம் கூடக் கூட கொதிநிலை இறங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லே நகரில், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 88 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். லடாக் கிளம்புபவர்கள் ரேடியேட்டர் மூடியின் ரப்பரைச் சரிபார்த்துக்கொண்டு போவது நல்லது.

மெதுவாகப் போனால் சூடு ஏன் ஏறுகிறது?

எரியும் பெட்ரோலின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது. மீதியில் பெரும்பகுதி வெப்பம்தான். நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். மண் பாதையில் வேகம் 10 கிலோமீட்டர்தான், ஆனால் என்ஜின் முழு மூச்சாக உழைக்கிறது. காற்றும் இல்லை. போதாக்குறைக்கு, பாறையில் ஏற பாதி கிளட்ச் பிடித்துக்கொண்டே போனால், கிளட்ச் தகடுகள் உரசும் சூடும் என்ஜின் ஆயிலில் இறங்கும்.

2023 இறுதியில் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450, கேடிஎம் 390 அட்வென்ச்சர் போன்றவை கூலன்ட்டால் குளிரும் பைக்குகள். இவற்றில் வேகம் குறைந்தால் காற்றுக்குப் பதிலாக ஃபேன் சுழலும். 2016-ல் வந்த பழைய ஹிமாலயன் 411, ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி போன்றவை காற்றாலும் ஆயிலாலும் குளிர்பவை. இவற்றுக்கு ரேடியேட்டர் மூடி கிடையாது. ஆனால், ஆயில் அளவு குறைந்தாலோ, ஆயில் கூலரில் சேறு அப்பினாலோ இவையும் தவிக்கும்.

வழியில் கொதித்துவிட்டால்

* எரியும் விளக்கோடு 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று ஓட்டாதீர்கள். நிறுத்திவிட்டு என்ஜினை அணையுங்கள். பல பைக்குகளில் சாவி ஆன் நிலையில் இருந்தால் ஃபேன் தொடர்ந்து சுழலும். அது சுழல்கிறதா என்று பாருங்கள்.

* என்ஜின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடான உலோகம் சட்டென்று குளிர்ந்தால் விரிசல் விடலாம்.

* குறைந்தது அரை மணி நேரம் காத்திருங்கள். ரேடியேட்டரைக் கையால் தொட முடிகிற அளவுக்கு ஆறிய பிறகே மூடிப் பக்கம் போக வேண்டும். அப்போதும் தடிமனான துணியைப் போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, முதல் தடை வரை மட்டும் மெல்லத் திருப்புங்கள். 'உஸ்' சத்தம் முழுதும் நின்ற பிறகு கழற்றுங்கள்.

* கூலன்ட் கையில் இல்லையென்றால் ஆபத்துக்குக் குடிதண்ணீர் ஊற்றலாம். ஊர் திரும்பியதும் அதை வடித்துவிட்டுப் புதுக் கூலன்ட் நிரப்ப வேண்டும். போர் தண்ணீரை அப்படியே விட்டால் உள்ளே உப்புப் படியும்.

வீட்டில் செய்ய வேண்டிய சோதனை

பெரிய செலவுக்கு முன் சின்னச் செலவு என்ற வரிசையில் போங்கள். எல்லாமே என்ஜின் ஆறியிருக்கும்போது செய்ய வேண்டியவை. ஃபேன் சோதனை மட்டும் விதிவிலக்கு.

முதலில் சேறு. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே காய்ந்த மண் அடைத்திருந்தால், எவ்வளவு நல்ல கூலன்ட்டும் வீண். சாதாரண ஹோஸ் தண்ணீரைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக அடித்துக் கழுவுங்கள். வாட்டர் வாஷ் கடையின் பிரஷர் பம்பை நெருக்கத்தில் பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

அடுத்து ஃபேன். நிறுத்திய இடத்திலேயே என்ஜினை ஓடவிட்டால், பெரும்பாலான பைக்குகளில் 100 டிகிரியைத் தொட்டு, சற்றே தாண்டும்போது ஃபேன் ஓட வேண்டும். கை வைக்காமல் கண்ணால் மட்டும் பாருங்கள். ஓடவில்லையென்றால் முதலில் ஃபியூஸ், பிறகு ஒயர் கனெக்டர். ஓடையில் இறக்கிய வண்டி என்றால் சேறு ஃபேனைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம்.

மூன்றாவது, கூலன்ட் அளவு. பக்கத்திலிருக்கும் சின்ன டேங்கில் அளவு சரியாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால், சின்ன டேங்க் நிறைந்திருக்கும்போதே ரேடியேட்டர் காலியாக இருக்கலாம். வாட்டர் பம்ப்புக்குக் கீழே இருக்கும் சிறு துளையிலிருந்து கூலன்ட் சொட்டினால், பம்ப் சீல் போய்விட்டது என்று அர்த்தம்.

நான்காவது, யாரும் சந்தேகப்படாத ஒன்று: பிரேக். பின்சக்கரத்தைத் தூக்கி, நியூட்ரலில் சுற்றிப் பாருங்கள். உரசிக்கொண்டே சுற்றும் பிரேக்கும், மிக இறுக்கமான செயினும் என்ஜினின் உழைப்பைக் கூட்டும்.

கூலன்ட்டில் தொடர்ந்து குமிழ்கள் வந்தாலோ, என்ஜின் ஆயில் பால் கலந்த டீ நிறத்துக்கு மாறினாலோ, அதற்குப் பிறகு வண்டியை ஓட்ட வேண்டாம். ஹெட் கேஸ்கெட் போன்ற உள் பாகங்கள் பழுதாகியிருக்கலாம். மெக்கானிக்கிடம் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும்.

எது பலன் தரும்? எது வீண்?

அடிக்கடி மண் பாதையில் ஓட்டுபவர்கள் முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்துப் போட்டால், மெதுவான ஏற்றங்களில் கிளட்ச்சைப் பாதி பிடிக்கும் தேவை குறையும். பந்தயத்துக்காகவே தயாராகும் டர்ட் பைக்குகளில் பல, ஃபேன் இல்லாமலே வருகின்றன. அவற்றுக்குத் தனி ஃபேன் கிட் நல்ல முதலீடு. கல் தெறிக்காமல் இருக்க ரேடியேட்டர் கார்டு தேவைதான். ஆனால் வலை மிக நெருக்கமாக இருந்தால் காற்றையே தடுக்கும். முன்னால் மாட்டும் பையும் கூடுதல் விளக்கும் அப்படித்தான்.

அதிக அழுத்தம் தாங்கும் மூடி, கொதிப்பதைத் தள்ளிப்போடுமே தவிர, சூட்டைக் குறைக்காது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்லும் யோசனையையும் கேட்காதீர்கள். என்ஜின் சரியான சூட்டுக்கு வருவதற்கே அது வேண்டும். அது இல்லாவிட்டால் தேய்மானமும் பெட்ரோல் செலவும் கூடும்.

வீட்டில் குழந்தை இருக்கிறதா?

கடைசியாக, பைக்கே ஓட்டாதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். பெரும்பாலான கூலன்ட்டுகளில் இருப்பது எத்திலீன் கிளைகால். இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். பளிச்சென்ற பச்சையிலோ சிவப்பிலோ இருப்பதால், குழந்தையின் கண்ணுக்கு ஜூஸ் போலவே தெரியும். நாயும் நக்கிப் பார்க்கும். வடித்த கூலன்ட்டைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், வாசலில் கொட்டாதீர்கள். தரையில் சிந்தியதை உடனே கழுவுங்கள். யாராவது குடித்துவிட்டால், அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல், கூலன்ட் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.