தென்காசியில் முதல் நாள்

கல்விச் சுற்றுலாவென்று பெயரிட்டுப் புறப்படும் மாணவர் குழுவினர், சென்ற ஊரைக் காணாமலே திரும்பி வருதல் வழக்கமாகிவிட்டது. இதனைப் பிறர்மேல் வைத்துக் கூறுகின்றோமில்லை; எம்மேல் வைத்தே கூறுகின்றோம்.

சிறப்புத் தமிழ் வகுப்பினராகிய யாம் இவ்வாண்டு எங்குச் செல்வதென ஆராய்ந்தபொழுது, கடல் கடந்து பழம்பெரு நகரொன்றைக் காணவேண்டுமென எம்முட் சிலர் விழைந்தனர். பணப்பை இசையவில்லை. ஆகவே ஆடித் திங்களில் திருநெல்வேலியினின்று புகைவண்டியேறித் தென்காசிக்குச் சென்றோம். பாரதியார் 1918 முதல் 1920 வரை வாழ்ந்த கடையத்தை வண்டி கடந்தபொழுது எம்முட் பாதிப்பேர் உறங்கினர்; ஏனையோர் குற்றால அருவியில் நீர் விழுகின்றதா என்று கைப்பேசியிற் பார்த்துக்கொண்டிருந்தனர். புறப்பட்ட நோக்கம் இதனாலேயே புலப்படும்.

முதல் நாள் ஊருக்கு, அருவி மறுநாளைக்கே என்று எம் ஆசிரியர் விதித்துவிட்டார். முணுமுணுத்துக்கொண்டே காசி விசுவநாதர் கோயிலின் கோபுர வாயிலை அடைந்தோம். அவ்வாயிலிற் புகுந்து வீசும் மலைக்காற்றில் நண்பரொருவர் குடையை விரித்து, அதனை மீட்கப் பட்ட பாடு பெரிது. எம்மனோராகிய கிறிஸ்தவ மாணவர் சிலர் சற்றே தயங்கினோம். கல்லெழுத்தைக் கற்க வந்தவர்க்குத் தயக்கம் எதற்கென்று பின்னர் உள்ளே சென்றோம்.

இக்கோயிலை 15-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதற்குக் கேடு நேரின் அதனை ஒழித்துக் காப்பார் எவரோ அவரை உலகறியப் பணிவதாகக் கல்லிற் பாட்டொன்று பொறிப்பித்தான். அதன் பொருளை வகுப்பிற் கற்றிருந்தோம்; தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருந்தோம். ஆயினும் கல்லிற் செறிந்து கிடந்த எழுத்துக்களுள் அப்பாட்டு எஃதெனக் காட்ட எம்மால் இயலவில்லை. மெய்க்குப் புள்ளியில்லை, எகர ஏகாரங்களுக்கு வேற்றுமையில்லை, ஓரெழுத்துத் தெளிந்தால் அடுத்தது மயங்கிற்று. நன்னூற் சூத்திரங்களைத் தடையின்றி ஒப்பிக்கும் நாவுகள் அடங்கிவிட்டன.

பூக் கட்டிக்கொண்டிருந்த மூதாட்டியொருவர் எம்மைப் பார்த்து, "ராசா நம்மளக் கும்பிட்டு எழுதி வச்சிருக்காருல்லா, அதயா தேடுதிய?" என்றார். தமக்கு எழுத்துத் தெரியாதென்றும் கூறினார்.

'நம்மள' என்னும் அச்சொல் எம்மைச் சுட்டது. சிதைந்து நெடுங்காலம் மொட்டையாய் நின்ற கோபுரம் 1990-இல் ஒன்பது நிலைகளுடன் மீண்டும் எழுந்தது. அரசன் பணிந்தது அதற்குத் துணைநின்ற ஊராரை. அவர்களுள் ஒருவராய் அம்மூதாட்டி தம்மை எண்ணிக்கொண்டார். தமிழையே சிறப்புப் பாடமாகக் கொண்ட யாம் அவ்வாறு எண்ணிக்கொள்ள இயலுமோ?

கல்வெட்டறிஞர் படித்து அச்சிட்டவற்றைக் கற்றாற் போதாதா என்று வினவுவாரும் உளர். போதாது என்பதே எம் கருத்து. திருப்பணியென்ற பெயரால் மணல் வீச்சுக்கு ஆளாகி எழுத்துத் தேய்ந்த கற்கள் தமிழ்நாட்டிற் பல. கேட்டை நீக்கப் புகுந்தவர் கையாலேயே கேடு விளைதலும் உண்டன்றோ? அவ்வேளையில், "நிறுத்துங்கள், இஃது எழுத்து" என்று சொல்ல ஊர்தோறும் ஒருவரேனும் வேண்டும். அவ்வொருவர் தமிழ் மாணவராக இராவிடின் வேறு யாவர்? ஆதலின் சுற்றுலாவுக்கு முந்திய மூன்று திங்களேனும் கல்லெழுத்துப் பயிற்சி எமக்கு அளிக்கப்படல் வேண்டும். புத்தகத்தில் மட்டுமன்று, சுவரின்முன் நிறுத்தியே அளித்தல் வேண்டும்.

மறுநாள் குற்றாலத்தில் நீர் நன்றாகவே விழுந்தது. அதனை வருணிக்க இவ்விதழில் வேறு நண்பர்கள் முன்வந்துள்ளனர். எம் குறையை மட்டும் கூறுவோம்: குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் மேலகரம் அருகிலேயே இருந்தும், அவ்வூருக்கு வழி யாதென ஒருவரும் கேட்டிலோம். சித்திர சபையின் சுவரோவியங்களைக் கால்மணி நேரத்திற் கண்டு முடித்தோம்.

மூன்றாம் நாட் காலையில் எம்முள் நால்வர் குறிப்பேட்டுடன் மீண்டும் தென்காசிக் கோயிலுக்குச் சென்று கல்லெழுத்தின்முன் நின்றோம். ஒருமணி நேரத்தில் ஐந்து சொற்கள் பிடிபட்டன. ஆறாவதைப் பற்றி வழக்காடிக்கொண்டிருக்கையில் வண்டிக்கு நேரமாயிற்று.