எம் புள்ளைய எங்க சேக்கலாம்?

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஒரே கேள்விதான் வருகிறது. "தம்பி, எம் புள்ளைய எங்க சேக்கலாம்?" கேட்பது பெரும்பாலும் அம்மாக்கள். கையில் மஞ்சப்பை. அதற்குள் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ். இந்தத் தலையங்கத்தில் தேர்தல் அரசியலைப் பற்றி எழுதுவதாகத்தான் இருந்தேன். தேர்தல் எங்கேயும் போய்விடாது. கவுன்சலிங் தேதி போய்விடும்.

நமக்கு முன்னாலேயே ஆள்பிடிப்பவர்கள் சேரிக்கு வந்துவிடுகிறார்கள். வெள்ளைச் சட்டை, வழவழப்பான நோட்டீஸ். "ஒத்தப் பைசா செலவில்ல, எஸ்.சி.க்கு எல்லாம் கவர்மெண்டே கட்டுது, ஒரிஜினல மட்டும் குடுங்க." மற்ற நாளில் சேரிப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்களுக்கு மே மாதத்தில் மட்டும் நம் பிள்ளைகள் மீது இவ்வளவு பாசம் எங்கிருந்து வருகிறது? எங்கள் காலனிப் பையன் ஒருவனை இப்படித்தான் கூட்டிப்போய் ஒரு பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிட்டார்கள். அந்த வார்த்தைக்கு அர்த்தம் அவனுக்கும் தெரியாது, அவன் அப்பாவுக்கும் தெரியாது. உதவித்தொகை வரவில்லை. இரண்டாம் செமஸ்டரில் ஹால் டிக்கெட்டை நிறுத்தினார்கள். பையன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில். சான்றிதழைக் கேட்டுப் போனால், "நாலு வருசப் பணத்தக் கட்டிட்டு வாங்கிக்கோ" என்றார்கள். ஒரிஜினல் சான்றிதழை எந்தக் கல்லூரியும் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே சொல்லிவிட்டது. அந்தத் தாளை நீட்டிய பிறகும் நான்கு முறை அலையவிட்டார்கள். ஆட்சியருக்கு மனு போட்ட பிறகுதான் பீரோ திறந்தது.

விஷயம் இதுதான். தனியார் கல்லூரியில் சேரும் நம் பிள்ளைகளின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2012இல் தமிழக அரசு ஆணை (எண் 92) போட்டது. பிறகு 2018இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல், நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடையாது என்றது. 2021 வழிகாட்டுதலும் அதையே சொல்லி, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. ஆள்பிடிப்பவர் பழைய ஆணையைக் காட்டி, புதிய விதியை மறைத்து வியாபாரம் செய்கிறார். ஆகவே அதே கல்லூரிதான் வேண்டுமென்றாலும் கவுன்சலிங் வழியாக மட்டும் போங்கள். சிறுபான்மை அல்லாத கல்லூரிகள் 65 விழுக்காடு இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 விழுக்காட்டையும் அதற்குத் தர வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கணக்கிலேயே வராது. அவை போடும் விளம்பரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்.

விருப்பப் பட்டியல் போடும்போது நம் பிள்ளைகள் ஐந்தாறு கல்லூரியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஏன் இந்தக் கூச்சம்? எவ்வளவு வேண்டுமானாலும் போடு. கிடைக்குமா கிடைக்காதா என்று நீயே தீர்ப்பு எழுதாதே. மிகவும் பிடித்தது முதலில், அடுத்தது அடுத்ததாக. ஓ.சி. என்கிற 31 விழுக்காடு யாருடைய அப்பன் வீட்டுச் சொத்தும் அல்ல. மதிப்பெண் இருந்தால் அதில் நமக்கும் இடம் உண்டு. நமக்கான 18 விழுக்காடு (அருந்ததியர்க்கான 3 விழுக்காடு உட்பட) அதற்கு மேல்தான். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் உண்டு. ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் அரசுப் பள்ளிதான், விட்டுவிடாதீர்கள்.

பிரவுசிங் சென்டர்க்காரர் தன் செல் நம்பரையே போட்டுப் பதிவு செய்துவிடுவது இன்னொரு கொடுமை. ஓ.டி.பி. அவருக்குப் போகும், கடைசித் தேதி நமக்குத் தெரியாமல் போகும். தேதி என்ன செய்யும் என்பதற்கு 2024இல் அதுல் குமார் சாட்சி. உத்தரப்பிரதேசம் முசாபர்நகர் மாவட்டத்துத் தலித் பையன், அப்பா தினக்கூலி. தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. கட்ட வேண்டியது 17,500 ரூபாய். ஊரெல்லாம் திரட்டிக்கொண்டு வருவதற்குள் மாலை 5 மணி தாண்டிவிட்டது. இடம் போனது. அந்த ஆண்டு நுழைவுத்தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்து, கடைசியில் உச்ச நீதிமன்றம் போய், செப்டம்பர் 30இல் இடத்தைத் திரும்ப வாங்கினான். ஐ.ஐ.டி.யில் பட்டியல் சாதி மாணவர்க்குப் படிப்புக் கட்டணமே கிடையாது. ஆனால் உள்ளே நுழைய முதலில் கட்டும் பணம் வேண்டும். இதை மகளிர் குழுவிலோ சங்கத்திலோ மே மாதமே எடுத்து வைக்க நம்மால் முடியாதா?

எங்கே சேர்ப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். 1991இல் நான் அப்பாவோடு ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கப் போனேன். கணக்கில் 160 வாங்கியிருந்தேன். எழுத்தர் சான்றிதழைப் பார்த்தார், சாதியைப் பார்த்தார். "உங்களுக்கெல்லாம் ஹிஸ்டரிதான் வரும்" என்று அந்தத் தாளைக் கொடுத்தார். அப்பா கும்பிட்டு வாங்கிக்கொண்டார். வரலாறு படித்ததில் எனக்கு வருத்தமில்லை. அதை அந்த ஆள் தேர்ந்தெடுத்ததில்தான் இன்னும் ஆறவில்லை. எந்தப் பாடம் என்பதைப் பிள்ளை சொல்லட்டும். கல்லூரியைப் பற்றி அங்கே படிக்கிற நம் பிள்ளைகளிடம் போய்க் கேளுங்கள். வாத்தியார் வகுப்புக்கு வருகிறாரா, விடுதியில் சாதி பார்த்து அறை தருகிறார்களா, உதவித்தொகை தாமதமானால் வெளியே நிற்க வைக்கிறார்களா? கட்டடத்தின் உயரம் இதையெல்லாம் சொல்லாது. பக்கத்து அரசுக் கலைக் கல்லூரியை மட்டமாக நினைக்கவும் வேண்டாம். அங்கே செலவு குறைவு. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாயும் வரும்.

"டெல்லி, ஐதராபாத்துன்னு அனுப்பினா உசுரோட வருமா?" என்று ஒரு தகப்பன் கேட்டார். ரோகித் வெமுலா (2016), நம் சேலத்து முத்துக்கிருஷ்ணன் (2017) பெயர்களைச் சொல்லித்தான் கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அனுப்புங்கள் என்றுதான் பிறகு சொன்னேன். ஆனால் தனியாக அனுப்பாதீர்கள். அங்குள்ள அம்பேத்கர் மாணவர் அமைப்புத் தோழர்களின் நம்பரை முதலில் வாங்கி, பெட்டியைப் பிறகு கட்டுங்கள். சேர்த்துவிட்ட எங்களுக்கும் வேலை அதோடு முடிந்துவிடாது.

சனி, ஞாயிறு மாலைகளில் எங்கள் இரவுப் பள்ளியில் தோழர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மஞ்சப்பையோடு வாருங்கள். ஆதார் இணைத்த வங்கிப் புத்தகம் பிள்ளையின் பெயரிலேயே இருக்கட்டும், உதவித்தொகை அதில்தான் வரும். வீட்டு செல்போனையும் சார்ஜ் போட்டு எடுத்து வாருங்கள்.