பயந்த நாய்க்கு நாற்பது செக்கனில் தீர்ப்பா?

அன்பின் ஊர்ச் சொந்தங்களே, பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள், பிறகு திட்டுவதானால் திட்டுங்கள்.

நாலைந்து நாளாக ஊர் வட்ஸ்அப் குழுவில் ஒரு நாயின் கதைதான் ஓடுகிறது. மிளகுத் தோட்டத்தில் பன்றிக் காவலுக்கு வளர்த்த நாய். வீட்டார் இடம் மாறிப் போவதால் கண்டிப் பக்கமுள்ள ஒரு விலங்குக் காப்பகத்தில் ஒப்படைத்துவிட்டார்கள். அங்கே யாரோ எடுத்த நாற்பது செக்கன் வீடியோவில் அது கூட்டின் மூலையில் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. கை நீட்டியவரைப் பார்த்து உறுமுகிறது. அவ்வளவுதான் வீடியோ. கீழே வந்த தீர்ப்புகள்: "கடி நாய்", "விசர் நாய்", "ஊசி போட்டு முடிங்க", "நஜீஸுக்கு எதுக்கு இவ்வளவு செலவு". நேரத்தைப் பார்த்தால், சில கருத்துகள் ஸுபஹ் தொழுகை முடிந்த கையோடு எழுதப்பட்டவை.

நாயை வீட்டுக்குள் படுக்க வைத்துக் கொஞ்சுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. நாம் கேட்பது ஒன்றுதான். ஓர் உயிரைக் கொல்லலாம் என்று சொல்வதற்கு முன், அது உண்மையில் மூர்க்கமானதா, இல்லை பயந்துபோய்க் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டுமா இல்லையா?

அந்த வீடியோவில் நீங்கள் பார்த்தது என்ன? வால் வயிற்றுக்கடியில் சுருண்டிருக்கிறது. காது பின்னால் மடிந்திருக்கிறது. கண்ணின் வெள்ளை தெரிகிறது. நாக்கால் உதட்டை நக்குகிறது, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறது. இவ்வளவும் "கிட்ட வராதே, எனக்குப் பயமாயிருக்கு" என்று ஒரு நாய் தன் உடம்பால் சொல்லக்கூடிய வார்த்தைகள். இத்தனையும் சொல்லி எவரும் கேட்காதபோதுதான் உறுமல் வருகிறது. உறுமல் என்பது எச்சரிக்கை. கடிக்காமல் விடுவதற்கு அது எடுக்கும் கடைசி முயற்சி. உறுமியதற்கு அடி போட்டால் அடுத்த தடவை உறுமாது, நேரே கடிக்கும். தடியால் அடித்து "அடக்கப்பட்ட" எத்தனையோ நாய்கள் அப்படித்தான் கடி நாய்களாயின.

நாயின் பக்கத்திலிருந்தும் யோசியுங்கள். பிறந்ததிலிருந்து தெரிந்தது ஒரு தோட்டம், ஒரு மரத்தடி, ஒரு சங்கிலி, நாலு மனிதர்கள். குட்டி நாய்கள் மனிதரையும் புது இடங்களையும் பழகிக்கொள்ளும் முக்கியமான காலம் மூன்றாவது கிழமையிலிருந்து ஏறத்தாழ பதினான்காவது கிழமை வரை. அந்த வயதில் தோட்டத்தை விட்டு வெளியே போகாத நாய்க்கு, பிறகு காணும் புதிய ஒவ்வொன்றும் ஆபத்துதான். அதை ஒரு நாள் காலையில் த்ரீவீலில் ஏற்றி, சீமெந்துத் தரையில், ஐம்பது அறுபது நாய்கள் ஒரே நேரத்தில் குரைக்கும் இடத்தில் இறக்கிவிட்டால் எப்படி இருக்கும்? முதல் சில நாட்கள் பல நாய்கள் பகலில் சாப்பிடவே மாட்டா. இரவில் ஆளில்லாதபோது வந்து தட்டை நக்கிவிட்டுப் போகும்.

இதில் ஆசிரியர்களாகிய நமக்குத் தெரிந்த விஷயம் ஒன்று இருக்கிறது. தரம் ஒன்றுக்கு வரும் பிள்ளைகளுக்கு "பிள்ளையை இனங்காணல்" என்று ஒரு நிகழ்ச்சித்திட்டம் உண்டு. முறைப்படி பாடம் தொடங்க முன் விளையாட்டும் பாட்டுமாகச் செயற்பாடுகள் கொடுத்து, ஒவ்வொரு பிள்ளையையும் நாட்கணக்கில் அவதானித்துக் குறித்துக்கொள்கிறோம். உம்மாவின் அபாயாவைப் பிடித்துக்கொண்டு அழுகிற பிள்ளையை, முதல் நாள் டீச்சரின் கையைக் கடித்த பிள்ளையை, "இது தேறாத பிள்ளை" என்று அன்றே எழுதி வைக்கிற ஆசிரியரை நீங்கள் பாடசாலையில் வைத்திருப்பீர்களா? பிள்ளையும் நாயும் ஒன்றா என்று கேட்காதீர்கள். ஒன்றல்ல. ஆனால் பயம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், அவதானிக்கிற முறையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முறையாகப் பார்க்கிறவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்? முதல் நாள் கூட்டுக்குள் கை விடுவதில்லை. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, கண்ணைப் பார்க்காமல், இறைச்சித் துண்டை எறிந்துவிட்டுக் காத்திருப்பார்கள். எத்தனை அடி தூரத்தில் ஆள் இருந்தால் சாப்பிடுகிறது, எவ்வளவு கிட்ட வந்தால் நிறுத்துகிறது? ஒரு சட்டி விழுந்த சத்தத்துக்குத் திடுக்கிட்டால், பழைய நிலைக்கு வர எவ்வளவு நேரம் எடுக்கிறது? கூட்டுக்குள் ஒரு மாதிரியும் வெளியே வேறு மாதிரியும் இருக்கிறதா? இதை மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள் என்று திரும்பத் திரும்பப் பார்த்து எழுதி வைப்பார்கள். முக்கியமான கேள்வி, முதல் நாளிலிருந்து அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான். ஒவ்வொரு கிழமையும் ஓர் அடி முன்னால் வருகிற நாய் பயந்த நாய். எத்தனை கிழமை போனாலும் ஓடி ஒளிய இடமிருந்தும் மனிதனைத் தேடி வந்து கடிக்கிற நாய் வேறு. அப்படியான நாய்களும் உண்டு, மறுக்கவில்லை. அவை குறைவு.

அவசரச் சோதனைகள் எவ்வளவு பிழைக்கும் என்பதும் தெரிந்த விஷயம். அமெரிக்கக் காப்பகங்களில் நாய் சாப்பிடும்போது பிளாஸ்டிக் கையால் தட்டை இழுத்துப் பார்த்து, உறுமினால் "தகுதியில்லை" என்று எழுதும் வழக்கம் இருந்தது. 2016 இல் பட்ரொனெக், பிராட்லி என்ற இருவர் இந்தச் சோதனைகளை ஆராய்ந்து, நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதை விட இவை மேலானவையல்ல என்ற முடிவுக்கு வந்தார்கள். அங்கே சோதனை என்று ஒன்றாவது இருந்தது. நம்மிடம் இருந்தது நாற்பது செக்கன் வீடியோ.

இன்னொன்று. 2007 இல் அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் மைக்கேல் விக் என்ற பிரபல அமெரிக்கக் கால்பந்து வீரரின் வளவிலிருந்து, சண்டைக்கு வளர்த்த பிட்புல் நாய்கள் சுமார் ஐம்பது பிடிபட்டன. அதுவரை சண்டை நாய் என்றால் ஒட்டுமொத்தமாகக் கொல்வதுதான் வழக்கம். பெரிய பெரிய விலங்கு நல அமைப்புகளே கொல்லச் சொல்லின. ஆனால் அந்த வழக்கில் ஒவ்வொரு நாயும் தனித்தனியாக மதிப்பிடப்பட்டது. 49 நாய்களில் மூர்க்கம் காரணமாகக் கொல்லப்பட்டது ஒன்றே ஒன்று. 47 பிழைத்தன. மதிப்பிடப் போனவர்கள் கண்டதில் பல, தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு நடுங்கிய நாய்கள். கொலைக்காகவே வளர்த்த நாய்களின் கதை இது. நம்ம ஊர் மிளகுத் தோட்டத்து நாய்க்கு அந்த நியாயம்கூட இல்லையா?

பக்கத்து இந்தியாவில் 2025 ஓகஸ்ட் 11 இல் உச்ச நீதிமன்றம் டெல்லிப் பகுதித் தெருநாய்களை எல்லாம் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது. ஓகஸ்ட் 22 இல் அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது, விசர் பிடித்தவையும் மூர்க்கமானவையும் தவிர. எது மூர்க்கம், யார் சொல்வது? அங்கேயும் சண்டை அந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது.

இனி மார்க்கம். "நாய்களைக் கொல்ல நபி (ஸல்) அவர்கள் சொன்னார்களே" என்று ஒரு சகோதரர் எழுதியிருந்தார். பாதியைச் சொல்லி மீதியை மறைக்காதீர்கள். மதீனாவில் ஆரம்பத்தில் வந்த அந்தக் கட்டளை பிறகு நிறுத்தப்பட்டதும் ஸஹீஹ் முஸ்லிமிலேயே இருக்கிறது. நமது ஷாஃபி மத்ஹபின் பெரிய இமாமான இமாமுல் ஹரமைன், தீங்கில்லாத நாயைக் கொல்வது தடை என்பதில்தான் சட்டம் வந்து நின்றது என்று சொன்னதை இமாம் நவவி பதிவு செய்கிறார்கள். ஹரம் எல்லைக்குள்ளும் கொல்லலாம் என்று ஹதீஸில் வருவது "அல்கல்புல் அகூர்", கடித்துக் குதறும் நாய். வெறும் நாய் அல்ல. அகூர் என்ற அந்தச் சொல்லை ஒரு நாயின் மேல் வைக்க வேண்டுமானால் அது அகூர்தான் என்று தெரிந்திருக்க வேண்டாமா? சாட்சியில்லாமல் ஒரு கோழித் திருட்டுக்குக்கூட நம்ம பள்ளி நிர்வாகம் தீர்ப்புச் சொல்லாது.

நஜீஸ் என்பது கழுவுகிற சட்டம். ஈரத்தோடு பட்டால் ஏழு தடவை, அதில் ஒன்று மண் கலந்து. ஷாஃபிகளாகிய நாம் அதைப் பேணுவோம். உலர்ந்த நிலையில் பட்டால் கழுவவும் தேவையில்லை. கொடுமை செய்ய அதில் எங்கே அனுமதி இருக்கிறது? வேட்டைக்கும் கால்நடைக்கும் பயிருக்கும் நாய் வைக்க மார்க்கமே இடம் தருகிறது. அப்படிக் காவலுக்கு வைத்து ஆறேழு வருஷம் இரவிரவாக உழைப்பு வாங்கியவர்கள், தேவை முடிந்த பிறகு அதை நஜீஸ் என்பது நியாயமா? வெள்ளிக்கிழமை தோறும் ஸூரா கஹ்ஃப் ஓதுகிறோம். குகைவாசிகளோடு வாசலில் முன்கால்களை நீட்டிக் கிடந்த அந்த நாயைத் தாண்டாமல் ஓதி முடிக்க முடியாது.

விசர் பயம் நியாயமான பயம். 1973 இல் மட்டும் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் இறந்தார்கள். அந்த எண்ணிக்கை பின்னர் பல மடங்கு குறைந்தது, தடுப்பூசியால். 2006 இல் கொல்லாமைக் கொள்கை வந்து, நாய்களைப் பிடித்துக் கொல்வது நின்ற பிறகும் மரணம் கூடவில்லை, குறைந்துதான் போனது. நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கோப்பித்தூள் வைக்காதீர்கள். கடித்த நாயை அடித்துக் கொல்லவும் வேண்டாம். 14 நாள் கட்டி வைத்துப் பார்த்தால்தான் விசரா இல்லையா என்று தெரியும்.

சட்டத்தை நம்பியும் இருக்க முடியாது. 1907 ஆம் ஆண்டு மிருகவதைச் சட்டத்தில் உள்ள தண்டப்பணம் அதிகபட்சம் நூறு ரூபாய். இன்று ஒரு பிளேன்டீயும் ஒரு ரோல்ஸும் அந்தக் காசுக்கு வராது. குட்டிகளைப் பையில் கட்டிச் சந்தைக்குப் பின்னாலும் பன்சலை வாசலிலும் போடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பக்கத்து வீட்டுச் சிங்களச் சகோதரர்கள், கத்தோலிக்கச் சகோதரர்கள் அந்தக் குட்டிகளை எடுத்துப் பால் வைக்கும்போது, போட்டது யார் என்று அவர்களுக்கும் தெரியும்.

நாயைக் காப்பகத்தில் ஒப்படைத்த வீட்டாரைக் குறை சொல்ல மாட்டோம். காட்டில் இறக்கிவிடாமல் ஓர் இடம் தேடிக் கொடுத்தார்களே, அதற்கே நன்றி. ஆனால் கையில் ஒரு தாள் கொடுத்து அனுப்பியிருக்கலாம், இப்போதும் அனுப்பலாம். வயது என்ன, கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டது, என்ன சாப்பிடும், யாரிடம் பழகும், எதற்குப் பயம் (தடியா, தொப்பி போட்ட ஆளா, வெடியா), எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காது தூக்கும், முன்பு யாரையாவது கடித்ததுண்டா. கடித்திருந்தால் மறைக்க வேண்டாம், எந்த நிலையில் கடித்தது என்றும் எழுதுங்கள். அது படுத்த பழைய சாக்கு இருந்தால் கழுவாமல் அப்படியே ஒரு பையில் போட்டுக் கொடுங்கள், அதில் அதற்குத் தெரிந்த வாசம் இருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கண்டிக்குப் போகிறோம். அதற்கு முன் தாளும் சாக்கும் கிடைத்தால் கொண்டுபோய்ச் சேர்ப்பது எமது பொறுப்பு.